மட் டயரா, ஆல் டெரைன் டயரா? – வாகன ஆலோசனை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் நான்கு சக்கர இயக்கமுள்ள மஹிந்திரா தார் டீசல் வண்டி இருக்கிறது. அதனுடன் வந்த 255/65 ஆர் 18 அளவு டயர்களில் பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர்க் கட்டைகள், தேய்ந்துவிட்டது. வேலை நிமித்தமாகத் தினமும் மணலி வழியாக மீஞ்சூர் சென்று திரும்புகிறேன். விடுமுறையில் குடும்பத்துடன் பழவேற்காட்டுக்குப் போவதுண்டு. பொன்னேரிக்கு அருகே மாமனாரின் வயலுக்கு மழைக்காலத்திலும் போக வேண்டியிருக்கிறது. பெருமழை பெய்தால் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். நண்பர்கள் சேற்றுக்கென்றே செய்யப்படும் மட் டயர் போடச் சொல்கிறார்கள். டயர் கடைக்காரரோ எல்லா வகைத் தரைக்குமான ஆல் டெரைன் போதும் என்கிறார். எதை வாங்குவது?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: கடைக்காரர் சொல்வதே உங்களுக்குப் பொருந்தும். ஏ.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆல் டெரைன் டயரையே வாங்குங்கள். நண்பர்கள் சொல்வதிலும் ஓரளவு உண்மை இருப்பதால், காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மட் டயரின் பட்டன்கள் பெரியவை, ஒன்றுக்கொன்று அகன்ற இடைவெளி கொண்டவை. சக்கரம் வேகமாகச் சுழலும்போது அந்த இடைவெளியில் புகுந்த சேறு வெளியே வீசியெறியப்பட்டு, அடுத்த சுற்றில் பட்டன் மீண்டும் புதிதாகத் தரையைக் கவ்வுகிறது. பொன்னேரி, மீஞ்சூர் பகுதி வயல்களில் உள்ளது போன்ற களிமண் ஈரமாகும்போது பசையைப்போல ஒட்டும். அங்கே ஏ.டி. டயரின் குறுகிய பள்ளங்கள் சில அடி தூரத்திலேயே அடைபட்டு, புதிய டயரும் மொட்டை டயராகிவிடும். ஆகவே உழுத வயலிலும் ஆழமான களிச்சேற்றிலும் மட் டயருக்கு நிகர் வேறில்லை. ஆனால் நீங்கள் வயலுக்குள் வண்டியை இறக்குகிறீர்களா, அல்லது கெட்டியான மண்பாதையில் நிறுத்திவிட்டு வரப்பில் நடந்து போகிறீர்களா என்பதை எண்ணிப் பாருங்கள். வாரம் தவறாமல் சேற்றில் சுமை ஏற்றிச் செல்பவர் என்றால் என் பதில் வேறாக இருந்திருக்கும். உங்கள் கடிதத்தைப் படித்தால், வண்டி ஓடும் தூரத்தில் மிகப் பெரும்பகுதி தார்ச்சாலையும் கான்கிரீட் சாலையும்தான் என்று தெரிகிறது.

அந்தச் சாலைகளில்தான் மட் டயரின் குறை வெளிப்படுகிறது. பட்டன்களுக்கு நடுவே இவ்வளவு இடைவெளி விட்டால் சாலையைத் தொடும் ரப்பரின் பரப்பு குறைந்துவிடும் என்பது ஒன்று. பட்டன்களின் மேல் கத்தியால் கீறியதுபோல் அமையும் நுண்ணிய வெட்டுகள், ஈரச் சாலையில் மேற்பரப்பின் நீர்ப்படலத்தை உடைத்துப் பிடிமானம் தருபவை, மட் டயரில் மிகக் குறைவு என்பது மற்றொன்று. இதனால் நனைந்த சாலையில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் கூடுகிறது. மணலி நெடுஞ்சாலையிலும் எண்ணூர் விரைவுச் சாலையிலும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, வடகிழக்குப் பருவமழையில், முன்னால் செல்லும் லாரி திடீரென நின்றால் உங்கள் குடும்பத்தைக் காப்பாற்றுவது அந்தச் சில மீட்டர்கள்தான். வருடத்தில் சில நாட்கள் சேற்றில் கிடைக்கும் பலனுக்காக அதை விட்டுக்கொடுப்பதை என்னால் பரிந்துரைக்க முடியாது.

மேலும், மட் டயர் எடை மிகுந்தது. பெரிய பட்டன்கள் சாலையில் மோதுவதால் எழும் இரைச்சலும் அதிகம். பட்டனின் ஒரு ஓரம் மட்டும் தேயத் தொடங்கினால் அந்த இரைச்சல் ஆயிரம் ஆயிரம் கிலோமீட்டராகக் கூடிக்கொண்டே போகும். டீசல் செலவும் ஏறும்.

மணலி, எண்ணூர்ப் பகுதிச் சாலைகளில் ஆணியும் போல்ட்டும் இரும்புத் துண்டுகளும் சிதறிக் கிடப்பதை நினைத்து, கனமான பக்கச் சுவர் கொண்ட டயரே நல்லது என்றும் சிலர் சொல்வார்கள். ஆணி பெரும்பாலும் சாலையைத் தொடும் பகுதியில்தான் ஏறுகிறது. அது எந்த டயரிலும் ஏறும், அதைப் பஞ்சர் கடையில் அடைத்துவிடலாம். பக்கச் சுவர் கிழிந்தால்தான் டயரையே தூக்கி எறிய வேண்டும். ஆனால் அப்படிக் கிழிவது கூர்மையான பாறைகள் நிறைந்த மலைப்பாதையில் அதிகம், நம் கடலோரச் சமவெளியில் குறைவு. எல்.டி. என்று குறிக்கப்படும் லாரி வகைக் கட்டமைப்புள்ள டயர்கள் உங்களுக்குத் தேவையில்லை. அவற்றின் விறைப்பால் வண்டி குதிக்கும். அதே சுமையைத் தாங்க அவற்றுக்குக் காற்றும் கூடுதலாக வேண்டும்.

தெருவில் நிற்கும் தண்ணீரைப் பற்றி ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். வெள்ளத்தைக் கடப்பதற்கும் டயரின் பட்டனுக்கும் தொடர்பில்லை. உங்கள் வண்டிக்குத் தயாரிப்பாளர் குறிப்பிடும் நீர் கடக்கும் ஆழம் 650 மில்லிமீட்டர். முழங்கால் தண்ணீர் அதற்குக் கீழே இருந்தாலும், எதிரே ஒரு லாரி வந்தால் எழும் அலை அந்த அளவைத் தாண்டி இன்ஜின் காற்றை இழுக்கும் வழி வரை ஏறக்கூடும். நீருக்கு அடியில் மூடி இல்லாத சாக்கடைக் குழி இருக்கிறதா என்பதை எந்த டயரும் சொல்லாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னைத் தெருக்களில் நின்ற தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நாளில் வண்டியை மேட்டில் நிறுத்திவிடுங்கள்.

வாங்கும்போது, பழைய டயரின் பக்கச் சுவரில் அளவுக்கு அடுத்து வரும் சுமை எண்ணையும், டயர் தாங்கும் உச்ச வேகத்தைக் குறிக்கும் வேக எழுத்தையும் குறித்துக்கொண்டு போங்கள். சுமை எண் 109 என்றால் ஒரு டயர் 1,030 கிலோ தாங்கும்; 111 என்றால் 1,090 கிலோ. புதிய டயரின் எண் பழையதைவிடக் குறையக் கூடாது. பனிமலைச் சின்னம் பொறித்த டயருக்கு அதிகப் பணம் கேட்டால் மறுத்துவிடுங்கள். அது பனிப்பொழிவுள்ள ஊர்களுக்கான தேர்வைக் குறிப்பது. ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயர்களையும் ஒரே வகையில் வாங்கி, 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஐந்தையும் இடம் மாற்றிப் போடுங்கள். சுற்றளவு வேறுபட்ட டயர்களுடன் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் கியர் அமைப்பு முறுக்கேறிச் சேதமடையும்.

உங்கள் ஊருக்கும் டயருக்கும் நெடிய உறவு உண்டு. 1946-இல் பொம்மை பலூன் செய்யும் சிறு தொழிலாகத் திருவொற்றியூரில் தொடங்கியதுதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆயிற்று. டயர்த் தொழிலில் உழைத்து ஓய்வு பெற்றவர் எவரேனும் உங்கள் தெருவில் இருந்தால், வாங்குவதற்கு முன் ஒருமுறை அவரிடமும் பேசிப் பாருங்கள். விளம்பரத்தில் இல்லாத செய்திகள் அவரிடம் இருக்கும்.

கேள்வி: என் தார் வண்டிக்கும் அதே 255/65 ஆர் 18 அளவுதான். தோற்றத்துக்காக 275/70 ஆர் 18 போடலாமா?
– வாசகர், மாதவரம்

பதில்: வேண்டாம். இப்போதைய டயரின் விட்டம் ஏறக்குறைய 789 மில்லிமீட்டர். நீங்கள் சொல்வது 842. வேறுபாடு ஏழு விழுக்காட்டை நெருங்குகிறது. வேகமானி 80 காட்டும்போது வண்டி 85-இல் ஓடும். இழுவை குறையும், பிரேக்குக்கு வேலை கூடும், ஸ்டீயரிங்கை முழுதும் ஒடித்தால் டயர் உராயும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளரின் வடிவமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனம் இதைக் காரணம் காட்டவும் இடம் உண்டு. உங்கள் வண்டி வகைக்குத் தயாரிப்பாளரே அளித்துள்ள அளவுகளுக்குள் நின்றுகொள்ளுங்கள்.

கேள்வி: எங்களிடம் நான்கு சக்கர இயக்கமுள்ள பிக்-அப் இருக்கிறது. கரையில் வலை ஏற்றப் போகும்போது மணலில் அடிக்கடி சிக்குகிறது. மட் டயர் மாற்றினால் சரியாகுமா?
– வாசகர், எண்ணூர்

பதில்: சரியாகாது, பெரும்பாலும் இன்னும் மோசமாகும். சேற்றில் டயர் தோண்டி இறங்கி அடியிலுள்ள கெட்டித் தரையைத் தேட வேண்டும். மணலில் அடியில் கெட்டித் தரை இல்லாததால், டயர் மேலே மிதந்து போக வேண்டும். மட் டயரின் பெரிய பட்டன்கள் மண்வெட்டியாகி மணலைப் பறித்துக்கொண்டே அச்சு வரை இறக்கிவிடும்.

நீங்கள் மாற்ற வேண்டியது டயரை அல்ல, காற்றை. காற்றைக் குறைத்தால் டயர் தரையைத் தொடும் பகுதி நீளமாகி, வண்டியின் எடை அதிகப் பரப்பில் பரவுகிறது. சுமையில்லாத வண்டிக்கு 18 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரை இறக்கலாம், மிகவும் சிக்கிக்கொண்டால் 15. வலையும் ஆட்களும் ஏறியிருந்தால் அவ்வளவு குறைக்காமல் 22, 20 என்று படிப்படியாகப் பாருங்கள். காற்றுக் குறைந்த நிலையில் ஸ்டீயரிங்கைச் சட்டென்று ஒடித்தால் டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் என்பதால் அகலமாக வளையுங்கள். நிறுத்த வேண்டுமானால் பிரேக்கை அழுத்தாமல் தானாக நிற்க விடுங்கள். பிரேக் போட்டால் சக்கரத்தின் முன்னால் மணல் மேடு கட்டும். சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலத் தொடங்கினால் உடனே காலை எடுத்துவிட்டு, வந்த தடத்திலேயே பின்னுக்கு எடுங்கள். பேட்டரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்பு ஒன்றை வண்டியிலேயே வைத்திருந்து, தார்ச்சாலை ஏறும் முன் பழைய அளவுக்குக் காற்றுப் பிடித்துவிடுங்கள். காற்றுக் குறைந்த டயர் வேகமாக ஓடினால் சூடேறி வெடிக்கும். வீடு திரும்பியதும் ரிம்மையும் வண்டியின் அடிப்பகுதியையும் நல்ல தண்ணீரில் கழுவி உப்பைப் போக்குங்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நம் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. முட்டைக்குழி மணலுக்கு அடியில் இருப்பதால் வண்டி ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியாது. தொழிலுக்காகப் போகும் நீங்கள் வழக்கமான தடத்தை விட்டு விலகாதிருங்கள். பொழுதுபோக்குக்காகக் கடற்கரையில் வண்டி இறக்கும் வாசகர்கள் அதை அறவே விட்டுவிட வேண்டும்.

கேள்வி: கடையில் சென்ற ஆண்டுத் தயாரிப்பு ஏ.டி. டயரைத் தள்ளுபடியில் தருகிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: நிழலான, உலர்ந்த இடத்தில் வைத்திருந்தால் ஓராண்டு ஒரு குறையில்லை. பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஒரு பக்கம் அந்த எண் இல்லையென்றால் மறுபக்கம் இருக்கும். ஐந்து டயரிலும் தனித்தனியாகப் படியுங்கள். ஒன்றிரண்டு பழையது கலந்திருக்கலாம். ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் முதிர்ந்து வெடிப்பு விடும் என்பதால், ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். பத்து ஆண்டுக்கு மேல் பட்டன் எவ்வளவு மீதி இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது. பின்கதவில் வெயிலில் தொங்கிக்கொண்டிருக்கும் ஸ்டெப்னிக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.