எண்பதுகளின் ஒலி, இப்போதைய பாட்டு

கேள்வி: உங்கள் முதல் சின்த்வேவ் (1980களின் சின்தசைசர், அதாவது மின்னணு இசைக்கருவி, ஒலியை மீட்டெடுக்கும் இசை) ஆல்பத்துக்குத் தூண்டுதல் எது? 1980கள் மீதான ஏக்கமா?

பதில்: நான் அப்போது பிறக்கவே இல்லை, எங்கிருந்து ஏக்கம் வரும்! என்னை இழுத்தது அந்தக் காலக் கருவிகளின் குணம். 1982-ல் வந்த ‘பிளேடு ரன்னர்’ படத்துக்கு இசையமைப்பாளர் வாஞ்செலிஸ் யமஹா சிஎஸ்-80 என்ற சின்தசைசரை வாசித்திருப்பார். அதில் கட்டையைத் தொட்டபின் இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ஒலி விரியும். அதுவும் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாக. மெஷினும் மூச்சு விடும் என்று எனக்குக் காட்டியது அதுதான். ஆல்பத்தின் மெதுவான பாடல்கள் எல்லாம் அங்கிருந்து பிறந்தவை. அப்புறம், 1984-ன் ரோலண்ட் ஜூனோ-106 சின்தசைசர். ஒலிக்கும் ஒவ்வொரு சுரத்துக்கும், ஒலியை உண்டாக்கும் ஆசிலேட்டர் ஒன்றுதான், எளிய கருவி. ஆனால் ‘கோரஸ்’ என்ற ஒலி விளைவின் பட்டனைத் தட்டியதும் ஒலி இரண்டு பக்கமும் அகன்றுவிடும். தாழ்ந்த சுரங்களின் பேஸ் பகுதி தவிர மற்ற எல்லா இடத்திலும் அதைப் பயன்படுத்தியிருக்கிறேன். கொஞ்சம் அதிகம்தான், இருக்கட்டும்.

கேள்வி: டிரம்ஸ் ஏன் ‘டப்’பென்று வெட்டுப்பட்டு நிற்கிறது?

பதில்: கேட்டட் ரிவெர்ப். எதிரொலியைப் பெரிதாக வளரவிட்டு, அது தானாக அடங்குமுன் ஒலியை வெட்டும் ‘நாய்ஸ் கேட்’ கருவி சட்டென்று மூடிவிடும். 1980-ல் வந்த பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது ஆல்பத்தில் பில் காலின்ஸ் வாசித்த டிரம்ஸைக் கேளுங்கள், புரியும்.

கேள்வி: அட்டையில் நியான் சூரியன், பனைமரம் எதுவும் இல்லையே?

பதில்: சின்த்வேவ் ஆல்பம் என்றாலே எல்லோரும் அதைப் போட்டாயிற்று. சலித்துவிட்டது.

கேள்வி: இரவில் கார் ஓட்டும்போது கேட்கலாமா?

பதில்: தாராளமாக. வேகத்தை மட்டும் பாட்டோடு ஏற்றாதீர்கள்.