பிக்கப் வண்டியின் சேஸிஸில் துரு: கறுப்பு அண்டர்கோட்டிங் அடித்துவிட்டால் போதுமா?

பத்து ஆண்டுகள் ஓடிய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். எஞ்சினில் குறையில்லை, ஆனால் குனிந்து பார்த்தால் சேஸிஸில், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தில், அங்கங்கே துரு தெரிகிறது. அதன்மேல் வண்டியின் அடிப்பக்கத்துக்கென்று விற்கும், ரப்பர் கலந்த கறுப்புப் பூச்சான அண்டர்கோட்டிங்கைக் கனமாக அடித்துவிட்டால் கவலை தீர்ந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தீராது. இருக்கும் துருவின்மேலேயே அதை அடித்தால் நிலைமை இன்னும் மோசமாகும். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

என்னுடைய முதல் பிக்கப்புக்கு நானும் அதைத்தான் செய்தேன். அடிப்பக்கம் புதிது போல ஆகிவிட்டதைப் பார்த்து மகிழ்ந்து, பிறகு அந்தப் பக்கமே திரும்பவில்லை. மூன்றாம் ஆண்டு, பின்பக்க ஷாக் அப்சார்பரை மாற்றுவதற்காக அடியில் படுத்திருந்தபோது, லீஃப் ஸ்பிரிங்கைத் தாங்கும் பிராக்கெட்டுக்குச் சற்று மேலே அந்தப் பூச்சில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு கண்ணில் பட்டது. ஸ்க்ரூ டிரைவரின் முனையை அதில் விட்டு நெம்பியதும், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு அப்படியே உரிந்து வந்தது. மழை பெய்து பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தும், உரிந்த துண்டின் உட்புறம் ஈரமாக மினுங்கியது. அடியிலிருந்த இரும்பு, காய்ந்த மரப்பட்டை போல அடுக்கடுக்காகக் கையில் உதிர்ந்தது.

காரணம் எளியது. அந்த வகைப் பூச்சு காலப்போக்கில் இறுகி, கல்லடியிலும் சேஸிஸின் முறுக்கத்திலும் நுண்ணிய வெடிப்புகளை அடைகிறது. அந்த வெடிப்பு வழியாக உள்ளே போகும் நீருக்கு வெளியேற வழியில்லாததால், பூச்சுக்கும் இரும்புக்கும் நடுவே அது தங்கிவிடுகிறது. துரு தான் அழித்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், அது வளர வளரப் பூச்சைத் தூக்கிக்கொண்டே போய் மேலும் ஈரத்துக்கு இடம் கொடுக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் கறுப்பாக, ஒழுங்காகவே தெரியும்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. பிக்கப்பின் சேஸிஸ் ஏணி வடிவிலானது. இரண்டு நீண்ட சட்டங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். இந்த நீண்ட சட்டங்கள் சில வண்டிகளில் ஒரு பக்கம் திறந்த, ‘ப’ வடிவ வாய்க்கால் போல இருக்கும். பல வண்டிகளில் நான்கு பக்கமும் மூடிய பெட்டிக்குழாயாக இருக்கும். பெட்டிக்குழாயின் ஓட்டைகள் வழியாக உள்ளே தெறிக்கும் சேறு அடியில் படிந்து, நீர் வடிவதற்கென்று விடப்பட்ட துளைகளை அடைத்துவிடும். அதற்குப் பிறகு அந்தச் சட்டம் உள்ளிருந்து வெளியே நோக்கித் துருப்பிடிக்கும். வெளிப்புறத்தில் ஒரு புள்ளி தெரியும் நாளில் உள்ளே பாதித் தகடு போயிருக்கும். ஆகவே வெளியில் எத்தனை பூச்சு அடித்தாலும், உள்ளே கவனிக்கவில்லையென்றால் அது வெறும் ஒப்பனைதான்.

இது பழைய, பராமரிக்காத வண்டிகளுக்கு மட்டும் வரும் நோயல்ல. சேஸிஸ் துருப்பிடிப்பது தொடர்பாக அமெரிக்காவில் தொடரப்பட்ட கூட்டு வழக்கில், டகோமா, டன்ட்ரா பிக்கப்களும் செக்கோயா எஸ்யூவியுமாகச் சுமார் 15 லட்சம் வண்டிகளுக்கு, 340 கோடி டாலர் வரை செலவாகக்கூடிய ஒரு சமரசத்துக்கு டொயோட்டா நிறுவனம் 2016இல் முன்வந்தது. தொழிற்சாலையிலிருந்து வரும் பூச்சை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது என்பதற்கு இதை ஒரு சான்றாகக் கொள்ளலாம்.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடற்கரையை ஒட்டி ஓடும் வண்டிக்கும், பனிக்காலத்தில் உப்புத் தூவும் சாலையில் ஓடும் வண்டிக்கும் எதிரி ஒன்றே. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டும்போது தானாகவே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். சாலைகளில் பனியை உருக்கப் பயன்படுத்தும் மக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். நமக்குக் காய்ந்ததாகத் தோன்றும் சேஸிஸ் உண்மையில் காய்ந்திருப்பதில்லை என்பதே இதன் பொருள். உப்பு படிந்த வண்டியைக் கழுவாமல் கதகதப்பான கொட்டகையில் நிறுத்துவது, பத்திரப்படுத்துவதுபோல் தோன்றினாலும், வெப்பம் கூடக் கூடத் துருவின் வேகமும் கூடும் என்பதால் கெடுதலே செய்கிறது.

இனி உங்கள் வண்டிக்கு வருவோம். எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சிறிய சுத்தியலை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையாமல், வண்டியை உறுதியான ஸ்டாண்டுகளின்மேல் நிறுத்திவிட்டு, சட்டத்தை முன்னிருந்து பின்வரை விரலிடை விட்டுத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ‘ணங்’ என்று கணீரென ஒலிக்கும்; உளுத்த இரும்பு ‘டொக்’ என்று மந்தமாகச் சொல்லும். பின் அச்சுக்கு மேலே சட்டம் வளைந்து ஏறும் இடம், ஸ்பிரிங் பிராக்கெட்டுகளின் சுற்றுப்புறம், எரிபொருள் தொட்டிக்கு மேற்புறம், குறுக்குச் சட்டங்கள் சேரும் மூலைகள், இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் இடங்கள் ஆகியவற்றில் நேரம் செலவிடுங்கள். சட்டத்தை ஒட்டி ஓடும் பிரேக் குழாய்களையும் அப்போதே பார்த்துவிடுங்கள். சேஸிஸ் தாக்குப்பிடிக்கும் வண்டிகளிலும் அந்த மெல்லிய குழாய் முதலில் போய்விடுவதுண்டு.

பார்த்த பிறகு கழுவுதல். வெளியே பிரஷர் வாஷரைப் பயன்படுத்தலாம். ஆனால் பெட்டிக்குழாயின் உட்புறத்துக்கு, நீளமான மெல்லிய குழாயை ஓட்டை வழியாக நுழைத்து, வடிதுளையிலிருந்து தெளிந்த நீர் வரும் வரை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அடைத்திருக்கும் துளைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். இந்த ஒரு வேலையை மட்டும் ஆண்டுதோறும் ஒழுங்காகச் செய்தாலே பாதித் துரு நின்றுவிடும் என்பது என் கருத்து. காசு கேட்காத வேலை என்பதாலோ என்னவோ, இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. கழுவியபின் குறைந்தது இரண்டு நாளாவது காய விடுங்கள். கம்ப்ரசர் இருந்தால் உள்ளே காற்றடித்து விடுங்கள்.

வெளிப்புறத் துருவைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் சுரண்ட வேண்டும். பொருக்கு முழுவதும் போக வேண்டும். ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய பழுப்புப் படலம் மிஞ்சினால் பாதகமில்லை. அந்தப் படலத்தின்மேல்தான் துருமாற்றி வேலை செய்யும்: அதிலுள்ள டானிக் அமிலம் அல்லது பாஸ்போரிக் அமிலம் துருவோடு வினைபுரிந்து அதை நிலையான கருநிறச் சேர்மமாக மாற்றுகிறது. தடித்த பொருக்கை ஊடுருவி அது அடிவரை போகாது. துத்தநாகம் நிறைந்த பிரைமரோ இதற்கு நேரெதிர். துத்தநாகம் இரும்பைத் தொட்டால்தான் இரும்புக்குப் பதிலாகத் தான் அரிக்கப்பட்டு அதைக் காக்கும் என்பதால், அதைப் பளபளக்கும் வெற்று இரும்பின்மேல் மட்டுமே பூச வேண்டும். துருமாற்றியின்மேல் துத்தநாகப் பிரைமரை அடிப்பவர்கள் துத்தநாகத்தின் பலனை இழக்கிறார்கள்.

உட்புறத்துக்குப் பெயின்ட் உதவாது. சுரண்ட முடியாத இடத்தில், இறுகாமல் ஊர்ந்து போகும் பொருள்தான் வேண்டும். லனோலின், அதாவது செம்மறியாட்டுக் கம்பளியிலிருந்து எடுக்கும் மெழுகு கலந்த எண்ணெய்களும், உட்புறம் வெற்றிடமாக உள்ள பகுதிகளுக்கென்றே செய்யப்படும் மெழுகும் அதற்குரியவை. எண்ணெய் வகை பழைய துருவுக்குள்ளும் ஊறி இறங்கும், கீறினாலும் மீண்டும் ஊர்ந்து மூடிக்கொள்ளும். ஆனால் ஆண்டுக்கொரு முறை மறுபடி அடிக்க வேண்டும், சில நாட்கள் சொட்டும். மெழுகு அதிக நாள் நிற்கும், ஆனால் சுத்தமான இரும்பை எதிர்பார்க்கும். உங்களுடையது போன்ற பழைய வண்டிக்கு நான் எண்ணெயையே தேர்ந்தெடுப்பேன். எல்லாப் பக்கமும் தெளிக்கும் முனை கொண்ட நீண்ட குழாயைச் சட்டத்தின் கடைசிவரை நுழைத்துவிட்டு, தெளித்துக்கொண்டே மெதுவாக வெளியே இழுக்க வேண்டும். வடிதுளையில் எண்ணெய் சொட்டத் தொடங்கினால் அந்தப் பகுதி முடிந்தது. பிரேக் டிஸ்க், பேட், சைலென்சர் குழாய், பெல்ட்டுகள் ஆகியவற்றில் படாமல் மூடிவைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலிய எண்ணெயாக இருந்தால் ரப்பர் புஷ்களையும் மூடுங்கள்; அது ரப்பரை ஊதிப் பெருக்க வைக்கும்.

எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயிலைப் பூசச் சொல்லிப் பலர் யோசனை தருவார்கள். அதில் எரிபொருள் எரிந்ததால் சேர்ந்த அமிலங்களும் உலோகத் துகள்களும் இருக்கின்றன; அது சொட்டும் இடத்தில் மண்ணும் நீரும் கெடும்; வேண்டாம். பேட்டரியில் இணைத்தால் துருவைத் தடுக்கும் என்று விற்கப்படும் மின்கருவிகளையும் தவிர்த்துவிடுங்கள். கப்பலுக்கும் பூமிக்கடியில் புதைத்த குழாய்க்கும் மின்முறைப் பாதுகாப்பு பலன் தருவது, அவை நீரிலோ ஈர மண்ணிலோ முழுவதும் அமிழ்ந்திருப்பதால்தான்; காற்றில் நிற்கும் வண்டியில் அந்த மின்சுற்று முழுமையடையாது.

சுத்தியல் எங்காவது உள்ளே இறங்கிவிட்டாலோ, ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தும்போது தகடு நெகிழ்ந்தாலோ, மேற்சொன்ன எதையும் செய்யாதீர்கள். அதை ஓட்டை அடைக்கும் புட்டிப் பசையாலோ ஃபைபர் கிளாஸாலோ மூடுவது பிறர் உயிரோடும் விளையாடுவதாகும். அந்தப் பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்கத் தெரிந்த, சேஸிஸ் வேலையில் தேர்ந்த வெல்டர் ஒருவரிடம் வண்டியைக் காட்டுங்கள். எண்ணெயும் மெழுகும் தீப்பிடிக்கும் என்பதால், வெல்டிங் முடிந்து இரும்பு ஆறிய பிறகே அவற்றை அடிக்க வேண்டும். பற்றவைத்த சூட்டில் உட்புறப் பூச்சு எரிந்துபோயிருக்கும் என்பதால், அந்த இணைப்புக்கு உள்ளே ஒரு முறை கூடுதலாகவே அடியுங்கள்.