வீடு கைமாறும்போது வரும் சொத்துப் பரிமாற்ற வரியை வாங்குபவர் கட்ட வேண்டுமா, விற்பவரா?

நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் வாங்குபவர் கட்டுகிறார். அமெரிக்காவின் பல மாநிலங்களில் வழக்கமாக விற்பவர் தலையில் விழும். டெக்சஸ் போன்ற சில மாநிலங்களில் அப்படி ஒரு வரியே கிடையாது.

இதை மூலதன ஆதாய வரியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது லாபத்தின் மேல் வருவது. பரிமாற்ற வரி விலையின் மேல் வருவது. நஷ்டத்துக்கு விற்றாலும் உண்டு.

கணக்கில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது அடுக்கு முறை. விலை ஓர் எல்லையைத் தாண்டினால், கூடுதல் விகிதம் தாண்டிய பகுதிக்கு மட்டுமா, மொத்த விலைக்குமா? பிரிட்டனில் 2014 டிசம்பர் வரை மொத்த விலைக்கும்தான். 2,50,000 பவுண்டு வீட்டுக்கு 1%, அதாவது 2,500 பவுண்டு. விலை ஒரே ஒரு பவுண்டு கூடினால் 3%, கிட்டத்தட்ட 7,500 பவுண்டு! ரொம்ப அநியாயமான முறை அது, மாற்றியது நல்லதுதான். இப்போது ஒவ்வொரு பகுதிக்கும் தனி விகிதம்.

அப்புறம், வீட்டுக் கடன் பெரும்பாலும் வீட்டின் விலையை வைத்துத்தான் கிடைக்கும். இந்த வரியைக் கையிலிருந்து போட வேண்டி வரும். அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே தொகையைக் கேட்டுவிடுங்கள். முதல் வீடு வாங்குபவர்களுக்குப் பல இடங்களில் சலுகை உண்டு, அதையும் சேர்த்து விசாரியுங்கள்.