கோல்ஃப் கிளப்பை (மட்டையை) எப்படிப் பிடிப்பது? கேள்வி பதில்

(எல்லாம் வலது கைக்காரர்களுக்கு. இடது கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.)

கேள்வி: சார், நான் புதுசு. எந்தக் கையை முதலில் வைப்பது?

இடது கையை. கைப்பிடி விரல்களில் படுக்கட்டும்: சுட்டுவிரலின் நடுக்கணுவிலிருந்து சுண்டுவிரலின் அடிவரை சாய்வாக. விரல்களை மடக்கி, உள்ளங்கையின் அடிமேட்டைக் கைப்பிடியின் மேல் அமர்த்துங்கள். இப்போது சுட்டுவிரலும் அந்த மேடும் மட்டும் தாங்க, மற்ற விரல்களைத் திறந்து பாருங்கள். கிளப் நின்றால் சரி. பிறகு வலது கை கீழே வந்து, இடது கட்டைவிரலை மூடிக்கொள்ளும்.

கேள்வி: வலது சுண்டுவிரலை என்ன செய்வது?

இடது கையின் சுட்டுவிரல், நடுவிரல் இடுக்கின் மேல் வைத்தால் ஓவர்லேப். 1896 முதல் 1914 வரை ஆறு முறை பிரிட்டிஷ் ஓப்பன் கோல்ஃப் போட்டியை வென்ற ஹாரி வார்டன் பெயரோடு அது ஒட்டிக்கொண்டது. இத்தனைக்கும் ஸ்காட்லாந்தின் ஜானி லெய்ட்லி அவருக்கு முன்பே அப்படித்தான் பிடித்தார்! இடது சுட்டுவிரலோடு கோத்துக்கொண்டால் இன்டர்லாக். பெரிய சாம்பியன்கள் ஜாக் நிக்லஸ், டைகர் வுட்ஸ் பாணி, சின்னக் கைகளுக்கு வசதி. பிள்ளைகள் பத்து விரலாலும் பிடிக்கட்டும், தப்பில்லை.

கேள்வி: அண்ணா, பந்து எப்போதும் வலப்பக்கமே வளைகிறது. ஸ்விங்கை, அதாவது கிளப்பை வீசும் விதத்தை, மாற்றச் சொல்கிறார்கள்.

ஸ்விங் இருக்கட்டும். பந்தின் முன் நின்று, குனிந்து இடது கையைப் பாருங்கள். விரல் முட்டி ஒன்றுதான் தெரிகிறதா? அங்கேதான் கோளாறு. இரண்டு, இரண்டரை தெரியும்வரை இரண்டு கைகளையும் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பிப் பிடியுங்கள். கை மட்டும்தான் திரும்ப வேண்டும். கிளப்பின் முகம் (பந்தை அடிக்கும் பக்கம்) இலக்கையே பார்க்க வேண்டும். பலர் கையோடு முகத்தையும் திருப்பிவிட்டு, பலனில்லை என்பார்கள். அளவுக்கு மீறித் திருப்பினால் பந்து இடப்பக்கம் ஓடும். பழைய சாம்பியன் பென் ஹோகனுக்கு அந்தத் தொல்லைதான். அதனால்தான் அவர் கையை எதிர்ப்பக்கம் திருப்பினார். அவர் பிடியைப் பார்த்துக் காப்பியடித்து ஸ்லைஸ் (உங்களுடையதுபோல வலப்பக்க வளைவு) வாங்கிக்கொண்டவர்கள் ஏராளம்.

கேள்வி: எவ்வளவு இறுக்கலாம்?

முழுப் பலம் பத்து என்றால், நாலு. முன்கை கல்லாகிவிட்டால் அதிகம்.

கேள்வி: கிளவுஸில் அடிமேட்டுப் பக்கமே ஓட்டை விழுகிறதே?

கிளப் உள்ளங்கையில் உரசுகிறது. முதல் பதிலில் சொன்னபடி விரலுக்கு இறக்குங்கள், கைப்பிடியின் நுனி அரை அங்குலம் வெளியே தெரியட்டும். அப்புறமும் கிழிந்தால் ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் கழுவிப் பாருங்கள். ரப்பரின் வழுக்கும் பளபளப்பு போகவில்லையா, கைப்பிடி ரப்பரை மாற்றும் நேரம் வந்துவிட்டது.