தரையை ஒட்டி வீசும் பிட்சர்கள்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ஆசாமிகளைப் பற்றியவை. எம்எல்பி தி ஷோ என்ற பேஸ்பால் வீடியோ கேமில் கையைப் பக்கவாட்டில் நீட்டி வீசும் சைட்ஆர்ம் பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்), அதற்கும் கீழே முழங்கால் பக்கம் இறக்கி வீசும் சப்மரீன் பிட்சர்கள். சிலர் இவர்களை வைத்து ஜெயிக்கப் பார்க்கிறார்கள், சிலர் இவர்களிடம் தோற்றுவிட்டுத் திட்டுகிறார்கள். இரு தரப்புக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் புல்பென்னில் (ஆட்டத்தின் நடுவில் இறக்கும் மாற்று பிட்சர்கள் கூட்டத்தில்) மணிக்கு 100 மைல் வேகத்தில் வீசுபவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். சுமார் 83 மைலில் வீசும் சப்மரீன் பிட்சர் டைலர் ராஜர்ஸுக்கு எதற்கு இடம்?

அந்த மூன்று பேர் இருப்பதால்தான். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஏழு இன்னிங்ஸ் தலைக்கு மேலிருந்து சீறி வந்த பந்துக்கு எதிராளியின் கண்ணும் விரலும் பழகியிருக்கும். எட்டாவது இன்னிங்ஸில் பந்து திடீரென்று முழங்காலுக்குக் கீழிருந்து, அதுவும் மெதுவாகக் கிளம்பினால், அவர் பார்த்துக்கொண்டிருப்பது ஓரிடம், பந்து வருவது வேறிடம். மலிங்காவை முதன்முதலில் எதிர்கொண்ட பேட்ஸ்மேன்கள் எப்படித் திணறினார்கள் என்று நினைத்துப் பாருங்கள். இது அதைவிட இரண்டு முழம் கீழே. அவசரப்பட்டு முன்கூட்டியே பேட்டைச் சுழற்றுவார், பந்து தரையில் உருளும்.

ஆனால் இந்தச் சரக்கு சீக்கிரம் தீர்ந்துவிடும். எதிராளி ஏழெட்டுப் பந்து பார்த்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் 83 மைல்தான். ஓர் ஆட்டத்தில் மூன்று, நான்கு பேட்டர்கள் போதும், எடுத்துவிடுங்கள். 2001 வேர்ல்டு சீரிஸில் (எம்எல்பியின் இறுதித் தொடரில்) அரிசோனாவின் சப்மரீன் பிட்சர் பியுங்-ஹியுன் கிம்முக்கு நடந்ததைப் பாருங்கள். நான்காவது ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸுக்கு வந்து மூன்று பேரையும் ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது) செய்தார். அப்படியே தொடர்ந்து வீச வைத்தார்கள். ஒன்பதாவதில் நியூயார்க் யாங்கீஸின் டினோ மார்ட்டினெஸ் ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தார், பத்தாவதில் டெரெக் ஜீட்டர் இன்னொன்று அடித்து ஆட்டத்தையே முடித்தார். அன்று கிம் வீசியது 60 பந்துகளுக்கு மேல். மறுநாள் ராத்திரியும் அவரையே அழைத்தார்கள். ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், ஸ்காட் புரோஷியஸ் ஹோம் ரன். எப்படியோ சீரிஸை அரிசோனாதான் வென்றது என்பது வேறு கதை.

ஸ்லைடர் (பக்கவாட்டில் வளைந்து இறங்கும் பந்து) மேலே ஏறுவது போலத் தெரிகிறதே, கேமில் ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லை, கேம் சரியாகத்தான் காட்டுகிறது. மேலிருந்து வீசும்போது விரல்கள் பந்துக்குப் பின்னால் இருந்து கீழே இழுத்துவிடும், ஃபாஸ்ட்பாலுக்குப் பின்சுழற்சி கிடைக்கும். கை தலைகீழானால் சுழற்சியும் தலைகீழாகிவிடும். அதனால் இவர்களுடைய சிங்கர் (பாடகர் இல்லை, மூழ்குகிற பந்து) மேலும் வேகமாகக் கீழே இறங்குகிறது. ஸ்லைடரோ எதிர்பார்த்த அளவுக்கு இறங்குவதில்லை. போதாக்குறைக்கு, கை தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் பந்து முதலில் மேல்நோக்கித்தான் கிளம்புகிறது.

இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். மற்ற பிட்சர்களுக்குச் செய்வதுபோல ஸ்லைடரைத் தாழ்வாகக் குறிவைக்கிறார்கள். அது இறங்காமல் ஸோனின் (ஸ்ட்ரைக் என எண்ணப்படும் பரப்பின்) நடுவில் வந்து நிற்கும், எதிராளி கேட்காமலேயே தட்டில் வைத்து நீட்டியது மாதிரி. முழங்கால் உயரத்தில் இரண்டு சிங்கர் போடுங்கள். அவர் பார்வை கீழே போனதும் ஸோனின் மேல் விளிம்பில், முடிந்தால் அதற்கும் ஒரு பந்து உயரத்தில், ஸ்லைடரை விடுங்கள். பேட் பந்துக்கு அடியில் போய்விடும். நான் இவர்களை வைத்து எடுக்கும் ஸ்ட்ரைக்அவுட்களில் பெரும்பாலானவை இந்த வரிசையில் வந்தவைதான்.

ஸ்ட்ரைக்அவுட்டே கிடைப்பதில்லை. பிறகு எப்படி ஜெயிப்பது?

அதை ஏன் சப்மரீன் பிட்சரிடம் கேட்கிறீர்கள்? கான்சாஸ் சிட்டியின் சப்மரீன் பிட்சர் டேன் குவிசன்பெர்ரி 1983இல் 45 சேவ் (கடைசியில் வந்து முன்னிலையைக் காத்து முடிப்பது) எடுத்தார். 139 இன்னிங்ஸில் அவர் வாக் (பேட்டரை இலவசமாக முதல் பேஸுக்கு அனுப்புவது) கொடுத்தது வெறும் 11. தரையில் உருட்டவிடுவதுதான் அவர் பிழைப்பு. முதல் பேஸில் ஆள், ஒரு அவுட் என்றால் சப்மரீன் பிட்சரைக் கொண்டுவாருங்கள். தாழ்வான சிங்கருக்கு டபுள் பிளே (ஒரே பந்தில் இரண்டு அவுட்) கிடைக்க நல்ல வாய்ப்பு. ஷார்ட்ஸ்டாப்பிலும் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு இடையே) இரண்டாவது பேஸிலும் நல்ல ஃபீல்டர்கள் இருக்க வேண்டும். பேட்டிங்குக்காக ஓட்டைக் கையை அங்கே நிறுத்தியிருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம்.

இடதுகை பேட்டர்கள் வெளுத்து வாங்குகிறார்கள்.

வாங்கத்தான் செய்வார்கள். வலதுகை பிட்சர் கையைப் பக்கவாட்டில் நீட்டினால், வலதுகை பேட்டருக்குப் பந்து முதுகுப் பக்கத்திலிருந்து வருவது போல இருக்கும். இடதுகை பேட்டருக்கோ கையை விட்டுக் கிளம்பியதிலிருந்தே பந்து தெளிவாகத் தெரியும். போதாததற்கு 2020 முதல் எம்எல்பி விதிப்படி, புதிதாக வரும் பிட்சர் குறைந்தது மூன்று பேட்டர்களுக்கு வீச வேண்டும், அல்லது அந்த அரை இன்னிங்ஸ் முடிய வேண்டும். ஒருவருக்கு மட்டும் வீசவைத்துவிட்டு நழுவ முடியாது. அதனால் அழைக்கும் முன் அடுத்த மூன்று பேரையும் பாருங்கள். அவர்களில் இரண்டு பேர் இடதுகை என்றால் வேண்டாம். ஒருவர்தான் என்றால், வெளி ஓரத்தில் சிங்கர், அதற்கும் வெளியே சேஞ்ச்அப் (வேகம் குறைத்து ஏமாற்றும் பந்து). ஸ்லைடர் அவரை நோக்கியே வளையும், ஸோனுக்குள் விடாதீர்கள். வாக் கொடுத்தாலும் பரவாயில்லை.

ஸ்டார்ட்டராக (ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்சராக) இறக்கலாமா?

கேமில் வேண்டாம். ஸ்டாமினா தாங்காது, தாங்கினாலும் இரண்டாவது சுற்றில் எல்லோரும் பழகிவிடுவார்கள். ஜப்பானில் கதை வேறு. ஹிசாஷி யமடா சப்மரீன் பாணியிலேயே 284 வெற்றிகள் எடுத்தவர், சிபா லோட்டே அணிக்காக ஆடிய சப்மரீன் பிட்சர் ஷுன்சுகே வதனாபேயும் ஸ்டார்ட்டராகத்தான் இருந்தார்.

எதிராளி இவர்களை இறக்கினால் எப்படி அடிப்பது?

முதலில் அடிக்காதீர்கள். முதல் பேட்டரை வைத்து இரண்டு, மூன்று பந்து சும்மா பாருங்கள். ஓர் அவுட் போனாலும் சரி, பார்க்கப் பார்க்கத்தான் மவுசு குறையும் என்று மேலே சொன்னேனே, அது உங்களுக்கும் பொருந்தும். முழங்காலுக்குக் கீழே வருவதைத் தொடவே வேண்டாம், அவர்கள் சோறே அந்தப் பந்தில்தான். பெஞ்சில் இடதுகை பேட்டர் இருந்தால் அப்போதே இறக்குங்கள். பிசிஐயை (கேமில் பேட் படும் இடத்தைக் காட்டும் குறியை) ஸோனின் நடுவில் வைத்து, தொங்கி நிற்கும் ஸ்லைடருக்காகக் காத்திருங்கள். டைமிங் சீக்கிரம் விழுந்தால், பந்து கையை விட்ட பிறகும் மனதில் ஒரு கணம் எண்ணிவிட்டுச் சுழற்றிப் பாருங்கள். கஸ்டம் பிராக்டீஸில் அதே பிட்சரை எடுத்துக் கால் மணி நேரம் ஆடினால் பயம் தெளியும்.

பின்பாயின்ட் முறையில் (ஸ்டிக்கால் கோடு வரைந்து பந்து வீசும் கட்டுப்பாட்டு முறையில்) இவர்களை வைத்து வீசினால் மட்டும் குறி தவறுகிறது.

உங்கள் விரல் இன்னும் உங்கள் ஸ்டார்ட்டரின் தாளத்திலேயே இருக்கிறது. குனிந்து, கையைச் சுற்றிக் கொண்டுவந்து வீசும் அசைவுக்கு வேறு நேரம் தேவைப்படும், பந்தை விடும் கணமும் மாறும். ஆட்டத்தின் நடுவில் இதைக் கற்றுக்கொள்ள முடியாது. பிராக்டீஸில் சிங்கரை மட்டும் முப்பது தடவை போட்டுப் பாருங்கள், ஸ்லைடருக்கு அப்புறம் வரலாம். ஆட்டத்தில் அழைத்ததும் முதல் பந்தை ஸோனுக்கு வெளியே, தாழ்வாகப் போடுங்கள். குறி தவறினாலும் நஷ்டம் ஒரு 'பால்' (ஸ்ட்ரைக்காகாமல் ஸோனுக்கு வெளியே போகும் பந்து) மட்டும்தான்.