ராத்திரி ஆனா அழுவுற குட்டி: கால்நடை டாக்டர் பதில்கள்

கேள்வி: டாக்டர், கோவில்பட்டி பக்கத்துல இருந்து எழுதுறேன். போன சனிக்கிழமை ஒரு சிப்பிப்பாறை நாய்க்குட்டி வாங்கிட்டு வந்தோம், 50 நாள் ஆச்சுன்னு குடுத்தவங்க சொன்னாங்க. பகல்ல நல்லா ஓடுது, வெளாடுது, பிள்ளைங்க பின்னாடியே சுத்துது. ராத்திரி லைட்ட அணைச்சா போதும், ஆரம்பிச்சிரும், விடிய விடிய அழுகைதான். மாமனார் "வராண்டால கட்டிப்போடு, ரெண்டு நாள் கத்திட்டு அதுவா அடங்கிரும், இப்ப தூக்குனா காலம்பூரா தூக்கணும்"ங்கிறார். கட்டில்ல கூட படுக்க வச்சுக்கலாமா, கெட்டுப்போயிருமா? 4 ராத்திரியா வீட்ல யாரும் தூங்கல.

பதில்: அம்மா, உங்க மாமனார் சொன்னதுல ஒண்ணு நெஜம், கட்டிப்போட்டா ரெண்டு மூணு நாள்ல சத்தம் நின்னுரும். ஆனா அது பயம் போயி நிக்கிறது இல்ல, கூப்பிட்டு கூப்பிட்டு யாரும் வரலன்னு ஓஞ்சு போயி நிக்கிறது. ரெண்டும் வேற வேற. ஒருதடவ எங்ககிட்ட ஒரு குட்டிய தூக்கிட்டு வந்தாங்க, ராத்திரி பாத்ரூம்ல விட்டு கதவ சாத்திட்டாங்க போல, கதவுக்கு அடில சொரண்டி சொரண்டி முன்னங்கால்ல ரெண்டு நகம் பிஞ்சு ரத்தம் கட்டிப்போயிருந்துச்சு. அது வளந்து பெரிய நாய் ஆன பிறகும் கதவு சாத்துற சத்தம் கேட்டா ஒடுங்கி மூலைக்குப் போயிரும். அதனால இந்த விஷயத்துல நான் யாருக்காகவும் விட்டுக்குடுக்க மாட்டேன்.

யோசிச்சு பாருங்க, இந்த 50 நாளும் அது ஒரு ராத்திரி கூட தனியா படுத்ததில்ல. ஆத்தா வயித்துல மூஞ்சிய வச்சு, கூடப்பொறந்ததுங்க மேல ஒண்ணுக்கு மேல ஒண்ணா குவிஞ்சு கெடந்துதான் தூங்கிருக்கு, எந்தப் பக்கம் பொரண்டாலும் ஒரு சூடு, ஒரு மூச்சு. இப்ப திடீர்னு சில்லுனு தரை, புது வாசனை, இருட்டு. தொலைஞ்சுபோன குட்டிக்கு தெரிஞ்ச ஒரே வேலை ஆத்தாவ கூப்பிடுறது, அதத்தான் செய்யுது. அடம் இல்ல இது. இன்னொண்ணும் சொல்லணும், 8 வாரம் ஆகாத குட்டிய விக்கக்கூடாதுன்னு 2017லயே மத்திய அரசு விதி போட்டிருக்கு, 50 நாள்னா இன்னும் ஒரு வாரம் அது ஆத்தாகிட்ட இருந்திருக்கணும். வாங்கிட்டீங்க, இனி அந்த ஒரு வாரத்த நீங்கதான் ஈடு கட்டணும்.

இன்னிக்கு ராத்திரியே செய்யுங்க. ஒரு அட்டைப்பெட்டி, குட்டி எட்டிப் பாக்குற உயரம் இருந்தா போதும், ஒரு பழைய காட்டன் புடவைய மடிச்சு உள்ள போட்டு உங்க கட்டிலுக்கு பக்கத்துலயே வைங்க, நீங்க கைய தொங்கவிட்டா எட்டுற தூரத்துல. (பீரோலருந்து எடுக்குற துணில அந்துருண்டை வாசம் இருந்தா அலசி வெயில்ல காயவச்சு போடுங்க, உருண்டையே உதிர்ந்து கெடந்து அத முழுங்குச்சுன்னா குட்டிக்கு வெஷம்.) குட்டி வாங்குன வீடு பக்கம்தான்னா ஒரு துண்ட எடுத்துட்டுப் போயி ஆத்தா நாய் மேல நல்லா தேச்சு கொண்டாங்க, அந்த வாசனை ஒண்ணே பாதி வேலைய செஞ்சிரும். அரை லிட்டர் பாட்டில்ல வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி துண்டுல சுத்தி ஒரு ஓரமா வைங்க, கொதிக்க கொதிக்க வேணாம், சூடு பிடிக்கலன்னா அது நகந்து படுக்க எடம் இருக்கணும். கொசுவத்திய பெட்டி பக்கத்துல கொளுத்தாதீங்க, பழைய கொசுவலை துண்ட மேல கட்டிவிட்டா போதும்.

சாப்பாட்ட 8 மணிக்குள்ள முடிச்சிருங்க. ஒம்போது மணிக்கு பிள்ளைங்களோட கொஞ்சம் ஓடவிட்டு வெளாடவிடுங்க, படுக்கப் போறதுக்கு முன்னாடி முத்தத்துல தெனம் ஒரே மூலைக்கு கொண்டுபோயி ஒண்ணுக்கு போகவச்சு, அப்புறம் பெட்டி. அழ ஆரம்பிக்கும். அப்ப தூக்கி கொஞ்ச வேணாம், திட்டவும் வேணாம், லைட்டும் போட வேணாம், கைய மட்டும் கீழ எறக்குங்க. மொதல்ல வெரல நக்கும், கடிக்கும், அப்புறம் தாடைய உங்க வெரல் மேல வச்சு ஒரு பெரிய மூச்சு விடும் பாருங்க, அந்த மூச்சுக்கப்புறம் ஒடம்பு அப்படியே தளர்ந்து கனக்கும். உங்க கை மரத்துப்போகும், உடனே உருவாதீங்க, கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவா எடுங்க. கட்டில்ல படுக்க வச்சா குணம் கெட்டுப்போகும்னு நான் சொல்லமாட்டேன், ஆனா சிப்பிப்பாறைக்கு காலு குச்சி மாதிரி, தூக்கத்துல கட்டில்லருந்து விழுந்தா ஒடிஞ்சிரும், அதனாலதான் பெட்டி.

இந்த வயசு குட்டிக்கு ராத்திரில 3 மணி நேரத்துக்கு மேல ஒண்ணுக்கு அடக்குறது கஷ்டம். அது அழுது எழுப்புறதுக்கு முன்னாடியே நீங்க அலாரம் வச்சு ஒண்ணரைக்கு ஒருதடவ, நாலரைக்கு ஒருதடவ தூக்கிட்டுப் போங்க, ஒரு வார்த்தை பேசாம, போச்சுன்னா "சபாஷ்"னு சொல்லி திரும்ப பெட்டில. அடுத்த ரெண்டு வாரத்துல அந்த நேரத்த கொஞ்சம் கொஞ்சமா தள்ளிக்கலாம். நல்லா தூங்கிட்டிருந்த குட்டி திடீர்னு எழுந்து மோந்து மோந்து வட்டம் சுத்துதுன்னா அது தனிமை இல்ல, அவசரம். வீட்டுக்குள்ள போயிருச்சுன்னா அடிக்காதீங்க, மூஞ்சிய அதுல தேக்குறதெல்லாம் சுத்த தப்பு. பினாயில் போட்டு துடைக்காதீங்க, குட்டி தரைய நக்கும், வினிகர் கலந்த தண்ணி போதும்.

ஒரு வாரம் ஒழுங்கா தூங்குச்சுன்னா பெட்டிய ஒரு முழம் தள்ளி வைங்க, ரெண்டு மூணு ராத்திரி கழிச்சு இன்னொரு முழம், அப்படியே ரூம் வாசல், அப்புறம் ஹால், அப்புறம் மாமனார் கேக்குற வராண்டா கூட பெருசான பிறகு ஆகும். நடுவுல அழுதா ஒரு படி பின்னாடி வந்துருங்க. ஆனா கயிறு மட்டும் இந்த வயசுல வேணவே வேணாம்மா, சுத்தி சுத்தி வந்து கழுத்துல இறுகிரும்.

ராத்திரி சத்தத்த நிறுத்த மாட்டுப்பால் ஒரு கிண்ணம் ஊத்துறவங்க நெறைய பேர், அது நிறைய குட்டிக்கு ஒத்துக்காது, விடியக்காலைல கழிச்சல்தான். குடுத்த வீட்ல என்ன சாப்டுச்சோ அதையே மொத வாரம் குடுங்க. எல்லா அழுகையும் ஏக்கம்னும் நெனச்சிராதீங்க. வயிறு பானை மாதிரி உப்பி இருந்தா புழுவா இருக்கலாம், மருந்து குடுக்கணும். சாப்பாட்ட தொடாம, வாந்தி, நாத்தத்தோட ரத்தக்கழிச்சல்னா பார்வோங்கிற வைரஸ் நோயா இருக்கலாம், காலைல பாத்துக்கலாம்னு ஒரு மணி நேரம் கூட தள்ளாதீங்க. தடுப்பூசி 6லருந்து 8 வாரத்துல ஆரம்பிச்சு 3, 4 வாரத்துக்கு ஒருதடவ 16 வாரம் ஆகுற வரைக்கும் போடணும், அதுவரைக்கும் தெருவுல எறக்காம உங்க முத்தத்துலயே வச்சுக்கோங்க, பார்வோ கிருமி மண்ணுல மாசக்கணக்கா சாகாம கெடக்கும்.

கேள்வி: எங்க ராஜபாளையம் குட்டி பால்வெள்ளை, மூக்கு ரோஸ் கலர். லைட் எரிஞ்சா சமத்தா படுக்குது, அணைச்சா பயங்கரமா கத்துது, பேர் சொல்லி கூப்பிட்டாலும் அடங்கல. ஏன்?

பதில்: தம்பி, ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. அது நல்லா தூங்கும்போது பின்னாடி பக்கமா, காத்து மேல படாத தூரத்துல நின்னு ஒரு தட்டத்த கரண்டியால தட்டுங்க. தரைல வச்சு தட்டாதீங்க, அதிர்வுல முழிச்சிரும். காது கூட அசையலன்னா குட்டிக்கு கேக்காம இருக்கலாம். வெள்ளை ராஜபாளையத்துல பொறவிலயே காது கேக்காத குட்டிங்க நெறைய உண்டு, வெள்ளை நெறத்துக்கும் உள்காது நரம்புக்கும் இருக்குற தொடர்பு அது, வளத்தவங்க குத்தம் இல்ல. ஒரு காது மட்டும் கேக்கலன்னா வீட்டு சோதனைல தெரியாது, பெரிய கால்நடை மருத்துவமனைல காட்டுங்க.

கேக்கலன்னா இருட்டு அதுக்கு ரெட்டை இருட்டு, உங்கள பாக்கவும் முடியல, கேக்கவும் முடியல. ஜீரோ வாட்ஸ் பல்பு ஒண்ணு எரியட்டும், நீங்க படுத்திருக்குறது அதுக்கு தெரியணும். எழுப்பும்போது சட்டுனு மேல தொடாதீங்க, பயந்து கடிச்சிரும், மூக்கு முன்னாடி கைய நீட்டி வாசனை பிடிக்க விட்டு அப்புறம் தோள்ல தொடுங்க. கேக்கலங்கிறதுக்காக குட்டிய திருப்பிக் குடுத்துறாதீங்க தம்பி, கைஜாடைல எல்லாத்தையும் கத்துக்கும், நான் கண்ணால பாத்திருக்கேன்.

கேள்வி: மழைல வாசல்ல ஒரு தெருக்குட்டி கெடந்துச்சு, இன்னும் கண்ணே தெறக்கல, ராத்திரி பூரா முனகுது. பால் குடுத்தா குடிக்கல.

பதில்: இது வேற கதை, அவசரம். கண்ணு தெறக்கவே 10லருந்து 14 நாள் ஆகும், அந்த வயசுல தன்னோட சூட்ட தானே காப்பாத்திக்க முடியாது. தொட்டா சில்லுனு இருக்கா பாருங்க, இருந்தா பால் குடுக்காதீங்க, குளுந்த ஒடம்புல பால் செரிக்காது, அதான் குடிக்கல. மொதல்ல தொவட்டி, துண்டுல சுத்துன வெதுவெதுப்பான பாட்டில் பக்கத்துல வச்சு மெதுவா சூடு ஏத்துங்க. அப்புறம் மருந்துக்கடைல, இல்ல கால்நடை டாக்டர்கிட்ட கேட்டு நாய்க்குட்டிக்குன்னே இருக்குற பால் பவுடர கரைச்சு, குட்டிய குப்புற படுக்க வச்சு சொட்டு சொட்டா, 2, 3 மணி நேரத்துக்கு ஒருதடவ, ராத்திரிலயும். மல்லாக்க போட்டு ஊத்துனா நுரையீரலுக்கு போயிரும். குடிச்சு முடிச்சதும் ஈரப்பஞ்ச வச்சு அடிவயித்துல தடவிக் குடுங்க, ஆத்தா நக்கி விட்டாதான் அதுக்கு ஒண்ணுக்கு வரும்.

மழை விட்டதும் டார்ச் எடுத்துட்டு தெருவ ஒருதடவ சுத்தி வாங்க, பால் கட்டுன மடியோட ஒரு நாய் தேடிக்கிட்டு அலையுதான்னு பாருங்க. கூடப்பொறந்ததுங்களும் எங்கயாச்சும் கலுங்குக்கு அடில கெடக்கலாம்.