அப்பா வெளியே வர மறுக்கிறார் – கடிதம்

அன்புள்ள சார்,

அப்பாவுக்கு 62 வயது. மலக்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து வயிற்றில் துளையிட்டு, அதன் வழியாக வரும் மலத்தைப் பிடிக்க நிரந்தரமாக கொலாஸ்டமி பை வைத்திருக்கிறது. நாலு மாதமாகிறது, கோயில், கல்யாணம் எதற்கும் வருவதில்லை. பை வைத்தவர்கள் மாதம் ஒருமுறை கூடுகிறார்கள், அழைத்து வாருங்கள் என்றார் நர்ஸ். ‘நாலு நோயாளிகள் சேர்ந்து அழுவதற்கு நான் எதற்கு’ என்கிறார் அப்பா. டாக்டர் சொல்லாத எதை அவர்கள் சொல்லிவிடப்போகிறார்கள் என்று எனக்கும் தோன்றுகிறது.

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

டாக்டர் சொல்லாதது நிறைய இருக்கிறது. வேட்டி முடிச்சு பைமேல் அழுந்தாமல் எங்கே கட்டுவது, பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது வயிற்றிலிருந்து சத்தம் வந்தால் எப்படிச் சமாளிப்பது, ராத்திரி பஸ்ஸில் போக வேண்டுமென்றால் கிளம்பும் முன் என்ன சாப்பிடலாம், இதெல்லாம் பல வருடம் பையோடு வாழ்ந்தவருக்குத்தான் அத்துப்படி.

ஒன்று சொல்கிறேன். ஆபரேஷன் முடிந்து ஆறேழு வாரங்களில் வீக்கம் வடிந்து ஸ்டோமா, அதாவது வயிற்றில் வெளியே தெரியும் குடல்முனை, சிறுத்துவிடும். ஆஸ்பத்திரியில் எடுத்த அளவுக்கே இன்னமும் பையின் ஒட்டும் பகுதியில் ஓட்டை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த இடைவெளியில் மலம் பட்டுத் தோல் புண்ணாகும், ஒட்டு நிற்காது, கசியும். கசிந்து நாறிவிடுமோ என்ற பயத்தில் மனிதர் வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுவார். அனுபவப்பட்ட ஒருவர் பார்த்த மாத்திரத்தில் ‘கடைசியா எப்ப அளந்தீங்க?’ என்று கேட்டுவிடுவார். உங்கள் அப்பாவுக்கும் அதுதானா என்று நர்ஸிடம் காட்டுங்கள், முதலில் அதைச் செய்யுங்கள்.

அந்த நர்ஸ் பார்க்கும் வேலையே நோயாளிகளிடமிருந்து பிறந்ததுதான். 1958-ல் அமெரிக்காவின் க்ளீவ்லாந்து கிளினிக்கில் ரூபர்ட் டர்ன்புல் என்ற சர்ஜன், தன்னிடம் ஆபரேஷன் செய்துகொண்ட நார்மா கில் என்ற பெண்மணியையே மற்ற நோயாளிகளுக்குக் கற்றுத்தர வேலைக்கு வைத்தார். நர்ஸிங் படிக்காதவர், ஆனால் அவர் வயிற்றிலும் ஸ்டோமா இருந்தது. ஸ்டோமா பராமரிப்பு தனித் துறையானது அங்கிருந்துதான். நம் நாட்டிலும் மும்பையில் ஆஸ்டமி அசோசியேஷன் ஆஃப் இந்தியா என்ற, இப்படிப் பை வைத்தவர்களுக்கான சங்கம் பல காலமாக இயங்குகிறது.

குழுவில் அழுகிறவர்களும் இருப்பார்கள், அழட்டுமே, அழ வேறு இடம் ஏது? ஆனால் ஸ்டோமா கறுத்தாலோ, ரத்தம் நிற்காமல் வந்தாலோ, மலம் வராமல் வயிறு உப்பி வலித்தாலோ அங்கே யோசனை கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான்.

சரி, அப்பாவைக் கூட்டத்துக்கு இழுக்காதீர்கள். அவர் வயதில், அதே ஆபரேஷன் ஆன ஒருவரை வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்று நர்ஸிடம் கேளுங்கள். சட்டை வேட்டியோடு வந்து எதிரே உட்காருகிறவரைப் பார்த்தால் பை இருப்பதே தெரியாது, அப்பா முதலில் அதைப் பார்க்கட்டும். காபி கொடுத்துவிட்டு நீங்கள் வெளியே போய்விடுங்கள். இந்த ஆபரேஷனில் சில சமயம் நரம்புகள் பாதிக்கப்பட்டு சிறுநீர் கழிப்பதிலும் தாம்பத்தியத்திலும் சிரமம் வருவதுண்டு, மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்த அப்பாவும் அதைக் கேட்க மாட்டார். அப்புறம், வருகிறவரின் மனைவியும் கூட வர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் அம்மாவுக்கும் கேட்க நிறைய இருக்கும்.